அப்பா குடிச்சா அசதிக்கு, பையன் இழுத்தா மானம் போச்சா?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம்ங்க. நாங்க திருப்பூர் பக்கம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். 2004ல கல்யாணம் ஆச்சு, ஒரே பையன், 19 வயசு, இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். போன வாரம் துவைக்கிறதுக்காக அவன் பேகை உதறினப்போ சின்னதா ஒரு பொட்டலம் விழுந்துச்சுங்க, கஞ்சா. ராத்திரி அவங்கப்பா வந்ததும் சொல்லிட்டேன், பெல்ட்டால அடிச்சுட்டாரு. அவரும் அன்னிக்கு வழக்கம்போல குடிச்சிருந்தாரு. தினம் ஒரு குவார்ட்டர்தாங்க, சனிக்கிழமை சம்பளம் வந்தா மட்டும் கொஞ்சம் கூட. மத்தபடி அளவாத்தான் குடிப்பாரு, யார் வம்புக்கும் போகமாட்டாரு, நல்ல மனுஷன். காலைல கை லேசா நடுங்கும், டீ குடிச்சா சரியாயிரும். அடி வாங்கிட்டு பையன் ஒண்ணு கேட்டான், "நீ குடிக்கிறதுக்கு கவர்மென்டே கடை வச்சிருக்கு, நான் இழுக்கிறது செடிதானே, அமெரிக்காவுல லீகல், அப்புறம் எதுக்கு என்னை மட்டும் அடிக்கிற"ன்னு. எனக்கு பதில் தெரியலைங்க. அவன் சொல்றது நெசமா? ரெண்டுல எது பெரிய கெடுதல்? எங்க அண்ணன் ஒரு மறுவாழ்வு இல்லத்துல சொன்னா ராத்திரியே வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிருவாங்கங்கறாரு. வீட்டுக்காரரை ஆடி மாசம் கோயில்ல கயிறு கட்டி நிறுத்திரலாம்னு இருக்கேன், அதனால அவரைப் பத்திக் கவலை இல்லை, பையன்தான். இன்னொண்ணுங்க, வீட்டுக்காரரோட தம்பி சின்ன வயசுலயே மனசு சரியில்லாம கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரில இருந்தவரு, இவனும் அப்படி ஆயிருவானோன்னு பயமா இருக்கு. பொட்டலத்தை பீரோல பத்திரமா வச்சிருக்கேன்.

பதில்:

அன்பு சகோதரிக்கு,

உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். போதை மறுவாழ்வு வார்டுல 20 வருஷத்துக்கு மேல வேலை பார்த்த மனநல டாக்டர் நான், இந்த மாதிரி கடிதம் எனக்குப் புதுசு கிடையாது, ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே விஷயம்தான் என்னை உறுத்தும். பொட்டலம் விழுந்ததுல இருந்து உங்களுக்குத் தூக்கம் போயிருச்சு. வீட்டுக்காரரோட குவார்ட்டரை எழுதும்போது மட்டும் "தாங்க"ன்னு ஒரு சமாதானம், "அளவா"ன்னு ஒரு சமாதானம், "நல்ல மனுஷன்"னு ஒரு சமாதானம் கூடவே வருது. உங்களைக் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதலைம்மா. வீட்டுல யாருக்காவது குடிப்பழக்கம் இருக்கான்னு நான் கேட்டா நிறைய குடும்பங்கள்ல முதல்ல "இல்லைங்க"ன்னுதான் வரும், பத்து நிமிஷம் பேசினப்புறம் "இவங்கப்பா மட்டும் சாயங்காலம் கொஞ்சம் எடுத்துப்பாரு"ன்னு வரும். ரோட்டுல விழுந்து கிடந்தாத்தான் நம்ம கணக்குல குடிகாரன், வேலைக்குப் போயிட்டு வந்து வீட்டுல உக்காந்து குடிச்சா அது அசதிக்கு.

முதல்ல பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன். அவன் கேட்டதுல பாதி நிஜம். அந்தப் பாதியை நீங்க ஒத்துக்கிட்டாத்தான் மீதிப் பாதி எங்க தப்புன்னு நீங்க சொல்றதை அவன் காது கொடுத்துக் கேப்பான். 19 வயசுப் பசங்க எதை வேணா மன்னிப்பாங்க, பெரியவங்க தெரிஞ்சே மறைக்கிறாங்கன்னு தோணிட்டா மட்டும் அதோட பேச்சு முடிஞ்சுது.

நிஜமான பாதி என்னன்னா, மொத்தமா கணக்குப் பார்த்தா நம்ம நாட்டுல கஞ்சாவை விட மது பண்ற சேதம் ரொம்ப ரொம்பப் பெருசு. டெல்லி எய்ம்ஸ் நடத்தின தேசிய ஆய்வு 2019ல வந்துச்சு, அதுல குடிக்கிறவங்க 16 கோடி, அதுல அடிமை ஆயிட்டவங்க மட்டும் கிட்டத்தட்ட 2.9 கோடி. கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்), பாங்கு (கஞ்சா இலையை அரைச்சுச் செய்றது) எல்லாம் சேர்த்து எடுத்துக்கிறவங்க 3.1 கோடி, அதுல அடிமை ஆனவங்க 25 லட்சம். மதுவால உலகம் முழுக்க வருஷத்துக்கு 26 லட்சம் பேர் சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2010ல பிரிட்டன்ல டேவிட் நட்டுங்கிற பேராசிரியரும் அவர் சகாக்களும் 20 போதைப்பொருளை எடுத்து, குடிக்கிறவனுக்கு என்ன கெடுதல், சுத்தி இருக்கிறவங்களுக்கு என்ன கெடுதல்னு சேர்த்து நூத்துக்கு மார்க் போட்டாங்க, மது 72 வாங்கி முதல் இடம், ஹெராயின் 55, கஞ்சா 20. குடிக்கிறவங்க எண்ணிக்கை அதிகம்கிறதும் அந்த 72க்கு ஒரு காரணம்தான், அதையும் சொல்லணும். இருந்தாலும் ஈரல், கேன்சர், பேங்க்ரியாஸ், ஆக்சிடென்ட், தற்கொலை, பொண்டாட்டி பிள்ளையை அடிக்கிறது, எல்லாத்துலயும் மதுவோட கை இருக்கு. மது கேன்சரை உண்டாக்கும்னு 1988லயே உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு அறிவிச்சாச்சு, புகையிலை இருக்கிற அதே முதல் வரிசைல. குவார்ட்டர் வாங்குறவங்க எத்தனை பேருக்கு அது தெரியும்?

அப்புறம் ஏன் ஒண்ணு அசதிக்கு, ஒண்ணு அவமானம்? இதுக்கு பதில் மருத்துவப் புத்தகத்துல கிடையாது, சட்டத்தோட கதைல இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல சாராயக்கடை மாதிரியே கஞ்சாக்கடையும் லைசென்ஸ் வாங்கி நடந்துச்சு, அரசாங்கம் ரெண்டுக்கும் வரி வாங்குச்சு. கஞ்சாவால இந்தியர்களுக்குப் பைத்தியம் பிடிக்குதான்னு பார்க்க 1893ல ஒரு கமிஷனே போட்டாங்க, ஆயிரத்துக்கும் மேல சாட்சிகளை விசாரிச்சு ஏழு வால்யூம் ரிப்போர்ட் எழுதி, மிதமா எடுத்துக்கிறவங்களுக்குப் பெருசா கெடுதல் இல்லை, தடை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் 1961ல ஐ.நா. ஒப்பந்தம் வந்து, கஞ்சாவை நிறுத்த நம்ம நாட்டுக்கு 25 வருஷம் டைம் கொடுத்து, அந்தக் கெடு முடியுற நேரத்துல 1985ல என்.டி.பி.எஸ்.ங்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துச்சு. அதுலயும் பாருங்க, பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா, தனியா இருக்கிற இலை கஞ்சா ஆகாதுன்னு எழுதியிருக்கு. அதனால காசில இன்னிக்கும் பாங்குக்கு அரசாங்க லைசென்ஸ் உள்ள கடை இருக்கு, ஹோலி அன்னிக்கு மாமனார் மருமகன்லாம் ஒண்ணா உக்காந்து குடிப்பாங்க, அந்த வீட்டுல யாரும் யாரையும் பெல்ட்டால அடிக்கிறதில்லை.

இந்தப் பக்கம் மது. 1937ல ராஜாஜி சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு கொண்டு வந்தாரு, 1948ல மாகாணம் முழுக்க வந்துச்சு. உங்க மாமனார் வாலிபனா இருந்த காலத்துல குடிச்சாலே கேஸ், ஜெயில். குடிக்கிறவனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டாங்க, ஊருக்கு வெளிய மறைவாத்தான் குடிக்கணும், இன்னிக்கு கஞ்சாவுக்கு இருக்கிற அதே பேர்தான் அன்னிக்கு சாராயத்துக்கு. 1971ல கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளி வச்சு, ரெண்டு மூணு வருஷத்துல திரும்பக் கொண்டு வந்து, 1981ல எம்.ஜி.ஆர். மறுபடி திறந்து, 1983ல டாஸ்மாக் ஆரம்பிச்சு, 2003 நவம்பர்ல ஜெயலலிதா ஆட்சில சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்த ஆரம்பிச்சுது. உங்க கல்யாணம் அதுக்கு அடுத்த வருஷம். அதாவது உங்க குடும்ப வாழ்க்கையும் தெருவுக்குத் தெரு கவர்மென்ட் போர்டு மாட்டின கடையும் ஒரே வயசு. கூச்சப்பட்டு மறைஞ்சு குடிச்ச அப்பாவுக்குப் பிறந்தவரு பட்டப்பகல்ல பில்லு போட்டு வாங்குறாரு, ஒரு தலைமுறைல வெக்கம் இடம் மாறிப்போச்சு. இப்ப வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல வருமானம் வருது அதுல இருந்து. இவ்வளவு பணம் வர்ற ஒண்ணை விஷம்னு நினைக்க மனசு பழகாதும்மா, அது உங்க தப்பு இல்லை. அதே நாட்டுல 1960ல இருந்து மதுவிலக்கு இருக்கிற குஜராத்லயோ 2016ல மதுவிலக்கு வந்த பீகார்லயோ உங்க வீட்டுக்காரர் பிறந்திருந்தா, அவர்தான் பாட்டிலை பேகுக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பாரு.

இன்னொரு காரணம் நம்ம வாயிலயே இருக்கு. கஞ்சா கேஸுன்னா ரவுடி, குப்பம், ஸ்டேஷன், இப்படித்தான் காதுல விழுது. ஆனா எங்கிட்ட வர்ற பசங்கள்ல டாக்டர் வீட்டுப் பிள்ளை உண்டு, வாத்தியார் வீட்டுப் பிள்ளை உண்டு, ஆந்திரா ஒடிசா எல்லைல இருந்து வர்ற சரக்கு எல்லாத் தெருவுக்கும்தான் போகுது. குடிக்கு மட்டும் எத்தனை செல்லப் பேரு, தண்ணி, கட்டிங், பார்ட்டி, சோஷியல் டிரிங்கிங். அந்தப் பேரும் ஆம்பளைக்கு மட்டும்தான், அதையே ஒரு பொம்பளை செஞ்சா வீட்டை விட்டே தள்ளி வச்சிருவாங்க, பாதி நேரம் அந்தப் பயத்துலயே ட்ரீட்மென்ட்டுக்கு வராம முத்திப்போய் வர்ற பெண்களை நான் பார்த்திருக்கேன், அந்தக் கஷ்டம் தனியா எழுதவேண்டியது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தப்போ நாடே அழுதுச்சு, நானும் அழுதேன். ஆனா சீல் உடைக்காத பாட்டிலைக் குடிச்சு ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தர் ஒருத்தரா மஞ்சக்காமாலைன்னும் ரத்த வாந்தின்னும் போறவங்களை "ஈரல் கெட்டுப் போச்சு"ன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிடறோம். அது சாவுக் கணக்குல வருது, சாராயக் கணக்குல வர்றதில்லை.

இவ்வளவும் பையன் பக்கம் பேசுறேன்னு நினைச்சுக்காதீங்க, இனிமே அவன் தப்பு பண்ற பாதி.

செடிதானேங்கிறான். அரளியும் செடிதான், ஊமத்தையும் செடிதான். அமெரிக்காவுல லீகல்ங்கிறான். 2012ல கொலராடோ, வாஷிங்டன்னு ரெண்டு மாநிலத்துல ஓட்டெடுப்பு நடத்தித் திறந்தாங்க, இப்ப நிறைய மாநிலங்கள்ல இருக்கு, மத்திய அரசு சட்டத்துல அங்க இன்னும் குத்தம்தான். அந்த மாநிலங்கள்ல கூட வாங்குறவனுக்கு 21 வயசு முடிஞ்சிருக்கணும். உங்க பையனுக்கு 19. அவன் காட்டுற அதே அமெரிக்காவுல கடைக்காரன் அடையாள அட்டையைப் பார்த்துட்டு அவனைத் திருப்பி அனுப்பிருவான். நம்ம ஊர் டாஸ்மாக்லயும் சட்டப்படி 21தான். இதை அவன்கிட்ட அப்படியே சொல்லுங்க, சண்டை போடுற குரல்ல வேண்டாம், தெரிஞ்சுக்கோப்பாங்கிற மாதிரி.

அந்த வயசு எதுக்குன்னா, மூளை முழுசா வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயசு ஆகுது, முடிவெடுக்கிற, ஆசையை அடக்குற முன்மூளைதான் கடைசியா முதிரும். அதுக்குள்ள டி.எச்.சி.ங்கிற அந்தப் போதைச் சத்து தினம் போச்சுன்னா ஞாபகம், கவனம், படிப்பு எல்லாம் அடி வாங்கும். மொத்தமா பார்த்தா இழுக்கிறவங்கள்ல சுமாரா பத்துல ஒருத்தர் அடிமை ஆகுறாங்க, டீன் ஏஜ்ல ஆரம்பிச்சா ஆறுல ஒருத்தர். கஞ்சாவுக்கு அடிக்ஷனே இல்லைன்னு பசங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறது பொய், விட்டா முதல் ரெண்டு வாரம் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுவாங்க, அதைத்தான் நீங்க திமிர்னு நினைச்சு இன்னும் ரெண்டு வார்த்தை கூடப் பேசுவீங்க. சிகரெட்டைக் காலி பண்ணிட்டு புகையிலையோட கலந்து இழுக்கிறதால நிகோட்டின் பழக்கமும் சேர்ந்தே வரும். இழுத்துட்டு பைக் ஓட்டுறதும் ஆபத்துதான்.

ஆனா இதையெல்லாம் விட என்னை நிமிர்ந்து உக்கார வச்சது உங்க கடிதத்துல கடைசியா போகிறபோக்குல எழுதின வரி, அவனோட சித்தப்பா. எது பெரிய கெடுதல்னு கேட்டீங்களே, நாட்டுக்கு எதுன்னு கேட்டா மதுன்னு சொல்லிருவேன், உங்க பையனுக்கு எதுன்னு கேட்டா எனக்குக் கஞ்சா மேலதான் பயம். ரத்த சொந்தத்துல மனச்சிதைவு மாதிரி நோய் இருந்தா, அந்த வித்து பிள்ளைகிட்டயும் இருக்கலாம், பலபேருக்கு அது கடைசி வரைக்கும் முளைக்காமலே போயிரும், தினம் இழுக்கிற கஞ்சா அதுக்குத் தண்ணி ஊத்துற மாதிரி. 2019ல ஐரோப்பாவுல பல ஊர்கள்ல சேர்ந்து பண்ணின ஆய்வுல, தினமும் எடுத்துக்கிறவங்களுக்கு சைக்கோசிஸ், அதாவது எது நிஜம்னு தெரியாமப் போற மனநோய், வர்ற வாய்ப்பு எடுத்துக்காதவங்களை விட 3 மடங்கு, வீரியம் ஜாஸ்தியான சரக்கை தினம் எடுத்தா கிட்டத்தட்ட 5 மடங்குன்னு வந்துச்சு. கூட இழுக்கிற நாலு பசங்களுக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கலாம், அவன் "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னுதான் சொல்வான், அவங்க வீட்டுல இந்தச் சித்தப்பா கிடையாது. இதை அவன்கிட்ட மறைக்காதீங்க. நம்ம குடும்பங்கள்ல மனநோயை அவமானம்னு பிள்ளைகளுக்கே சொல்லாம வளர்க்கிறோம், இங்க அது அவனைக் காப்பாத்துற தகவல். யாரோ தன்னைப் பத்திப் பேசுறாங்க, போலீஸ் பின்னாடியே வருதுன்னு சந்தேகம், காதுல குரல் கேக்குது, தனக்குள்ள சிரிக்கிறான், நாள் கணக்கா தூங்கலை, இதுல எது தெரிஞ்சாலும் அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு வரணும். இப்ப இல்லைன்னாலும் ஒருதடவை காட்டிருங்க, பயந்து போய் சேர்க்கிறதுக்காக இல்லை, சும்மா உக்காந்து பேசி எவ்வளவு நாளா, எத்தனை தடவை, எதுக்குன்னு தெரிஞ்சுக்க. மாசத்துக்கு ஒருதடவை பிரெண்ட்ஸோட இழுக்கிறவனும் காலைல எழுந்ததும் இழுக்கிறவனும் ஒண்ணு கிடையாது, உங்க கடிதத்துல அந்த விவரமே இல்லை, பொட்டலத்தைப் பார்த்தீங்க, அவன்கிட்ட இன்னும் ஒரு கேள்வி கூட யாரும் கேக்கலை.

இப்ப வீட்டுக்காரர். கவலை இல்லைன்னு எழுதியிருக்கீங்க, இங்கதான் நான் உங்களோட ஒத்துப்போகலை.

ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி, நம்ம ஊர் பிராந்தி விஸ்கில 42.8 சதவீதம் ஆல்கஹால், அப்ப சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராம், 6 டிரிங்க் கணக்கு. ஒரே வேளைல 60 கிராம் போனா அதை மிகையான குடின்னு உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கு, மாசத்துல ஒரு நாள் அப்படிக் குடிக்கிறவங்களையே அந்தக் கணக்குல சேர்த்திருவாங்க. உங்க வீட்டுக்காரருக்கு அது தினப்படி, சனிக்கிழமை அதுக்கும் மேல. காலைல நடுங்குற கை சும்மா நடுங்கலைம்மா, ராத்திரி போன சரக்கு ரத்தத்துல இறங்க இறங்க உடம்பு அடுத்ததைக் கேக்குது, அதுக்கு விலகல் அறிகுறின்னு பேரு. டீயால சரியாகலை, கொஞ்ச நேரத்துல தானா லேசா அடங்குது, இல்லைன்னா உங்களுக்குத் தெரியாம ஒரு கட்டிங் போகுது. மனசு நோகாம இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுப் பார்த்தேன், வேற வழி தெரியலை, அவர் குடிக்கு அடிமை ஆயிட்டாருங்கிற சந்தேகம் எனக்கு பலமா இருக்கு.

அதனால அந்தக் கயிறு. சாமி நம்பிக்கையை நான் குறைச்சுப் பேசமாட்டேன், சத்தியம் பண்ணி விட்டவங்களை நேர்ல பார்த்திருக்கேன், மாலை போட்டுட்டு 48 நாள் தொடாம இருக்கிறவங்க எத்தனையோ பேர். ஆனா தினம் இவ்வளவு குடிச்சு, காலைல கை நடுங்குற அளவுக்கு வந்த உடம்பு திடீர்னு ஒரே நாள்ல நிறுத்தினா முதல் நாள்ல நடுக்கமும் வேர்வையும் கூடும், 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு, பூச்சி ஊருதுன்னு துணியை உதறி, ஆள் அடையாளம் தெரியாமப் போகலாம். அதுல உயிரே கூடப் போகலாம். கோயில்ல கயிறு கட்டின மூணாவது நாள் எமர்ஜென்சிக்கு வந்தவங்களை நான் எண்ணிக்கை மறந்து போற அளவுக்குப் பார்த்தாச்சு, கூட வந்தவங்க சாமி குத்தம்னு அழுவாங்க, காத்துக் கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் ஒருநாள் வீணாக்கிட்டு வந்தவங்களும் உண்டு. கஞ்சாவை அப்படியே நிறுத்தினா எரிச்சலும் தூக்கமின்மையும்தான், பாட்டிலை அப்படியே நிறுத்தினா ஐ.சி.யு. வரைக்கும் போகலாம். எதை ஊர் பெருசா பயப்படுது, எது உண்மையிலயே படுக்க வைக்குதுன்னு பாருங்க. கயிறு கட்டுங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வாங்க, நடுக்கமும் வலிப்பும் வராம இருக்க ஒரு வாரம் பத்து நாள் மாத்திரை, பி1 விட்டமின் ஊசி எல்லாம் கொடுத்து பத்திரமா இறக்கி விடுறோம், அதுக்கப்புறம் ஏக்கத்தைக் குறைக்க மாத்திரை இருக்கு, கவுன்சிலிங் இருக்கு, சாமியும் கூட இருக்கட்டும்.

இன்னொண்ணு, நீங்க கேக்கலை, ஆனா நிறைய பெண்கள் பண்றதால எழுதுறேன். குடியை மறக்க வைக்கும்னு சொல்லி விக்கிற பொடி, சொட்டு மருந்தையெல்லாம் அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்துராதீங்க. சிலதுல டைசல்பிரம் இருக்கும், அது உள்ள இருக்கும்போது குடிச்சா பிரஷர் இறங்கி நெஞ்சு அடைச்சு ஆள் போயிரலாம். டாக்டர் சொல்லி, அவரே சம்மதிச்சு, தெரிஞ்சு சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

உங்க அண்ணன் சொன்ன வேன் வேண்டவே வேண்டாம். 19 வயசுப் பையனை ராத்திரில கை காலைக் கட்டித் தூக்கிட்டுப் போறது ட்ரீட்மென்ட்டே கிடையாது, சட்டப்படியும் தப்பு. லைசென்ஸ் இல்லாம நடக்கிற இல்லங்கள்ல அடி வாங்கிட்டு வந்தவங்களோட முதுகை நான் பார்த்திருக்கேன், அங்க இருந்து வெளிய வர்ற பையன் கஞ்சாவை விட்டிருக்க மாட்டான், உங்களை விட்டிருப்பான். அதோட ஒண்ணு கேக்குறேன், அந்த வேன் உங்க வீட்டுக்காரருக்காக வரும்னு அண்ணன் இந்த 20 வருஷத்துல ஒருநாளாவது சொன்னாரா?

போலீஸ் பயத்தைப் பத்தி. ஒரு கிலோவுக்குள்ள இருந்தா சட்டத்துல சிறிய அளவு, வச்சிருந்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லைன்னா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட போடலாம். இழுத்ததுக்கு மட்டும்னா ஆறு மாசம் வரைக்கும். அதே சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, சிறிய அளவு வழக்குல மாட்டினவன் அடிமைப் பழக்கத்துல இருந்து தானா முன்வந்து அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரில ட்ரீட்மென்ட் எடுத்தா வழக்குல இருந்து பாதுகாப்பு கிடைக்கும். நாலு பிரெண்ட்ஸுக்கும் சேர்த்து இவனே வாங்கிட்டு வந்து பிரிச்சுக் கொடுத்தா அது விக்கிற கேஸ் ஆகலாம், பசங்களுக்கு இது தெரியவே தெரியாது, முக்கியமா சொல்லுங்க. பீரோல பத்திரமா வச்சிருக்கீங்களே, அதை அவன் கையாலயே இன்னிக்கே தண்ணில கொட்டச் சொல்லுங்க, வீட்டுல இருந்தா அது உங்க மேலயும்தான் கேஸ்.

பேசுறதுக்கு வழி சொல்றேன். வீட்டுக்காரர்கிட்ட ராத்திரி எதையும் ஆரம்பிக்காதீங்க, ஞாயித்துக்கிழமை காலைல கறி வாங்கப் போறதுக்கு முன்னாடி, தெளிவா இருக்கிற நேரத்துல, "உங்க கை நடுங்குறதைப் பார்த்து எனக்குப் பயமா இருக்கு, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துரலாம்"னு மட்டும் சொல்லுங்க. குடிகாரன்கிற வார்த்தை வேண்டாம், பையனோட ஒப்பிடவும் வேண்டாம். கோபப்பட்டா விட்ருங்க, அடுத்த ஞாயிறு திரும்பச் சொல்லுங்க. பையன்கிட்ட முதல்ல அவன் அடி வாங்கினதுக்காக நீங்க வருத்தப்படுங்க, அடிச்சது அவரா இருந்தாலும். அப்புறம் "நீ கேட்டது நியாயமான கேள்விடா, அப்பா குடிக்கிறதும் நோய்தான், அதுக்கும் டாக்டர்கிட்ட போறோம், நீயும் வா"ன்னு சொல்லிப் பாருங்க. அவன் மட்டும் குத்தவாளியா வந்தா என் ரூம்ல வாயே திறக்கமாட்டான். அப்பாவும் ஒரு டோக்கன் எடுத்து அதே வரிசைல உக்காந்திருந்தா பேசுவான், இது என் அனுபவத்துல பலதடவை நடந்திருக்கு. அப்பா வரலைன்னாலும் நீங்களும் அவனும் வாங்க, காத்திருக்க வேண்டாம்.

அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, போதை மீட்பு சிகிச்சையும் அங்கயே உண்டு, காசு கிடையாது. நேர்ல போக கூச்சமா இருந்தா முதல்ல 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. போதைப் பழக்கத்துக்குன்னே 14446ன்னு தேசிய உதவி எண்ணும் இருக்கு.

வரும்போது ரெண்டு விவரம் வேணும். வீட்டுக்காரருக்கு காலைல நடுக்கம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, எப்ப அடங்குது, எப்பவாவது ஒருநாள் குடிக்காம இருந்தப்போ வலிப்பு வந்திருக்கா, இதை ஒரு வாரம் பார்த்து ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. அப்புறம் அந்தக் கொழுந்தனாரோட பழைய ஆஸ்பத்திரி சீட்டு வீட்டுல எங்கயாவது இருந்தா தேடி எடுத்துட்டு வாங்க, என்ன நோய்னு எழுதியிருப்பாங்க, பையனைப் பார்க்கிற டாக்டர் முதல்ல கேக்கப் போறது அதைத்தான்.